சாப்டுச்சா?

“சாப்டுச்சா?”

பதினோரு நாளாகக் காலையில் அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். கையில் காபி டம்ளர் இருக்கும். கண் என் பக்கம் இருக்காது, கண்ணாடித் தொட்டியின் இடது மூலையில் இருக்கும். அங்கே பாறைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உள்ளங்கையைவிடச் சிறிய ஒரு மீன், வெள்ளை உடம்பில் ஆரஞ்சுப் பட்டைகளோடு, எதையும் தேடாமல் சும்மா நின்றுகொண்டிருக்கும்.

“இல்லம்மா.”

“ஒண்ணுமேவா?”

“ஒண்ணுமே.”

உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். பதினெட்டு வருடங்களுக்கு முன்னால் நான் இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரத்திலும் அவள் இதே கேள்வியை இதே குரலில் போனில் கேட்டாள். “சாப்ட்டேன்” என்று பொய் சொன்னேன். நாலாவது மாதம் அது பொய்யாக இல்லாமல் ஆனது. மெஸ் சாம்பார் அப்படியேதான் இருந்தது, நான்தான் மாறிவிட்டேன். “பழகிட்டான்” என்று அப்பாவிடம் நிம்மதியாகச் சொன்னாளாம். அன்றைக்கு அதில் எனக்கு ஒன்றும் தவறாகத் தெரியவில்லை. இந்த மீன் வந்த பிறகு அந்த ஒரு சொல் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

*

அரும்பாவூர் பச்சைமலை அடிவாரத்து ஊர். மரச்சிற்பம்தான் ஊரின் பெயரை வெளியே கொண்டுபோன தொழில். வாகை, மா, வேம்பு என்று மரங்களைக் கொண்டுவந்து ஒரே துண்டில் சாமி சிலைகளைச் செதுக்குவார்கள். 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே வருடம் மார்ச்சில் ஆபீஸை மூடினார்கள், நான் லேப்டாப்போடு ஊருக்கு வந்து சேர்ந்தேன். கடல் இங்கிருந்து காக்கை பறக்கிற கணக்கில் பார்த்தாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல். அப்படிப்பட்ட ஊரில், நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு தொட்டி வைத்து அதற்குள் கடலைத் தயாரித்தேன். ஆர்.ஓ. தண்ணீர் ஒரு லிட்டருக்கு 35 கிராம் செயற்கைக் கடல் உப்பு. 400 லிட்டருக்கு 14 கிலோ. அப்பா வாசல் திண்ணையில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்: “ஊரே நல்ல தண்ணிக்கு அலையுது. எம்புள்ள நல்ல தண்ணியில உப்பக் கொட்டிக்கிட்டிருக்கான்.”

கடலே இல்லாத ஊர் என்று சொன்னால் எங்கள் பக்கத்து மண் ஒத்துக்கொள்ளாது என்பதையும் சொல்ல வேண்டும். காரை பக்கம் போனால் மழை அரித்த செம்மண் மேடுகளில் அம்மோனைட் சுருள்கள் கிடக்கும். சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் படுத்துக் கிடக்கிறது, 18 மீட்டர் நீளம், ஏறக்குறைய 12 கோடி வருடம் பழையது. அரியலூர் சிமெண்ட் ஆலைகள் அரைக்கிற சுண்ணாம்புக்கல்லில் பாதி, பழைய கடலின் சிப்பி ஓடு. ஆகவே நான் கடலைக் கொண்டுவந்ததில் புதுமை ஒன்றுமில்லை, சில கோடி வருடம் லேட், அவ்வளவுதான். இதை அப்பாவிடம் சொன்னேன். “அந்தக் கடலுக்கு கரண்டு பில் வரலடா” என்றார்.

கரண்டு பில் உண்மையான விஷயம். கடல் மீனுக்கு 26 டிகிரி வேண்டும். சித்திரை வெயிலில் எங்கள் வீட்டுக்குள்ளேயே 36 அடிக்கும். சில்லர் ஓட வேண்டும், பம்பு ஓட வேண்டும், கரண்டு போனால் இன்வெர்ட்டர், இன்வெர்ட்டரும் போனால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு. தொட்டிக்குள் இருக்கும் உயிர் ஒவ்வொன்றும் என் கவனத்தின் மேல்தான் மிதந்துகொண்டிருக்கிறது. இந்தப் பொறுப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

*

மீனின் பெயர் கெல்மான் ரோஸ்ட்ராட்டஸ். 1758-இலேயே லின்னேயஸ் பெயர் வைத்துவிட்ட மீன். வண்ணத்துப்பூச்சி மீன் குடும்பம். கடைகளில் ‘காப்பர்பேண்ட்’ என்றால்தான் தெரியும். அந்தமான் கடலில் இருந்து ஆஸ்திரேலியா வரை பவளப்பாறைகளில் வாழ்வது. முதுகுத் துடுப்பின் பின்பக்கம் கண் மாதிரியே ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். நிஜக் கண்ணைப் பட்டை ஒன்று மறைத்திருக்கும். எதிரி எந்தப் பக்கம் தலை என்று ஏமாறட்டும் என்பதற்காக என்பார்கள். முன்னால் நீளமான, ஒல்லியான மூக்கு. பாறை இடுக்கில் இருக்கிற புழு பூச்சிகளைக் கொத்தி எடுக்க. நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. கடல் அலங்கார மீன்கள் அப்படியில்லை. கோமாளி மீன் போன்ற சிலவற்றைத்தான் பரவலாக இனப்பெருக்கம் செய்கிறார்கள், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்திலும் அந்த வேலை நடக்கிறது. மற்றவையெல்லாம் பெரும்பாலும் கடலில் இருந்து பிடித்தவை. கடைக்கு வரும் காப்பர்பேண்டும் அப்படித்தான்.

கடல் மீன் வாங்குகிறவர்களுக்கு ஒரு பாலபாடம் உண்டு. காசு கொடுப்பதற்கு முன்னால் கடைக்காரரை உன் கண்ணெதிரே தீனி போடச் சொல். சாப்பிடுகிற மீனை மட்டும் வாங்கு. சாப்பிடாத மீனுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. பயணக் களைப்பாக இருக்கலாம், குடலில் ஒட்டுண்ணியாக இருக்கலாம், சயனைடாகவும் இருக்கலாம். பிலிப்பைன்ஸில் 1960-களில் தொடங்கிய பழக்கம் அது. சோடியம் சயனைடைக் கரைத்துப் பாறை இடுக்கில் பீய்ச்சினால் மீன் மயங்கி வெளியே வரும். அங்கேயே சாகாமல் தப்பியது, சில வாரம் கழித்து எவனோ ஒருவனின் வரவேற்பறையில் காரணம் தெரியாமல் சாகலாம்.

சென்னை கொளத்தூரில் ஒரு கடை. பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் இரண்டு காப்பர்பேண்ட். கடைக்கார அண்ணன் உறைந்த இறாலைக் கரைத்து ஊற்றினார். ஒன்று கொத்திக் கொத்தித் தின்றது. இன்னொன்று பி.வி.சி. குழாய்க்குப் பின்னால் நின்றது.

“அத உடுங்க சார். வந்ததுலேருந்து வாயத் திறக்கல. ஒரு வாரம்தான்.”

“ஒரு வாரம்னா?”

“ஒரு வாரத்துல போயிரும்.”

நான் அந்த ஒரு வார மீனை வாங்கினேன். அவரே சிரித்துக்கொண்டு பாதி விலைக்குக் கொடுத்தார். ஏன் வாங்கினேன் என்று அப்போது கேட்டிருந்தால் பாவமாக இருந்தது என்று சொல்லியிருப்பேன். பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. டீமில் எல்லாரும் கைவிட்ட பக் ஒன்றை ராத்திரி இரண்டு மணிக்கு ஒற்றை ஆளாய் உட்கார்ந்து சரிசெய்கிறவனுக்கு ஒரு திமிர் உண்டு. அந்தத் திமிரும் பாவப்பட்டதும் சேர்ந்தே பர்ஸை எடுத்தன. எது எவ்வளவு சதவீதம் என்று என்னால் இன்றைக்கும் பிரிக்க முடியவில்லை.

*

தெர்மாகோல் பெட்டிக்குள் பை, பைக்குள் மீன். உளுந்தூர்பேட்டை தாண்டி, பெரம்பலூரில் ஆத்தூர் ரோட்டில் திரும்பி, வீடு வந்து சேர ஆறு மணி நேரம். வந்ததும் புதுத் தண்ணீருக்கு அதைப் பழக்க வேண்டும். கடைகளில் உப்பைக் குறைத்து வைத்திருப்பார்கள். ஒட்டுண்ணி குறையும், செலவும் குறையும். என் தொட்டியில் கடலின் முழு உப்பு. கடல் மீனின் உடம்புத் திரவத்தில் இருக்கும் உப்பு கடல்நீரில் மூன்றில் ஒரு பங்குதான். உடம்பில் இருக்கும் தண்ணீரைக் கடல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அதை ஈடுகட்ட மீன் கடல்நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், குடித்த உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கடல் மீன் சும்மா நிற்கும்போதுகூட சும்மா இல்லை. திடீரென்று உப்பை ஏற்றினால் இந்தக் கணக்கு குலைந்துபோகும். ஆகவே ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, டிரிப்ஸ் ஏற்றுகிற மாதிரி சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை மீன் இருக்கும் வாளிக்குள் விடுவார்கள்.

மெதுவாகச் செய்வது கருணை என்றுதான் நினைப்போம். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பைக்குள் ஆறு மணி நேரமாக மீன் விட்ட மூச்சில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து, தண்ணீரின் பி.ஹெச். இறங்கியிருக்கும். மீனின் கழிவில் இருந்து அம்மோனியாவும் சேர்ந்திருக்கும். ஆனால் பி.ஹெச். குறைவாக இருக்கும்வரை அந்த அம்மோனியாவில் பெரும்பகுதி அயனி வடிவில், அதிகம் கெடுதல் செய்யாமல் கிடக்கும். பையைத் திறந்தவுடன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், பி.ஹெச். ஏறும், அம்மோனியா விஷமாக மாறும். அந்தத் தண்ணீரில் மீனை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகப் பொறுமை காட்டுகிறவன், கருணையோடு அதன் செவுளைப் பொசுக்குகிறான். அவசரப்பட்டால் உப்பு கொல்லும், நிதானித்தால் அம்மோனியா கொல்லும். நான் கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதே குறைந்த உப்பில் தனியாக ஒரு சின்னத் தொட்டியை முன்கூட்டியே தயார் பண்ணி வைத்திருந்தேன். வெப்பம் சமமாகும்வரை பையை மிதக்கவிட்டு, திறந்த உடனே மீனை அதில் மாற்றிவிட்டேன். உப்பைப் பிறகு நாலைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். அதற்கப்புறம்தான் பெரிய தொட்டி.

எது மெதுவாக நடக்க வேண்டும், எது உடனே நடக்க வேண்டும் என்பது பழக்கப்படுத்துகிறவனின் மனசைப் பொறுத்ததில்லை. தண்ணீரைப் பொறுத்தது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் சரியாக நடந்துகொண்டேன் என்று நினைக்கிறேன்.

தமிழில் பழகு, பழக்கு என்ற இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரே ஒரு ‘க்’. மீன் பழகும், மனிதன் பழக்குவான். அடங்கினான் என்கிறோம், அடக்கப்பட்டான் என்று சொல்வதில்லை. வேலை முடிந்தவுடன் அந்த மெய்யெழுத்தைச் சத்தமில்லாமல் உதிர்த்துவிடுகிறோம். “பழகிடுச்சு” என்று வாக்கியம் முடியும்போது செய்தவன் அதில் இருக்கமாட்டான். மீன் தானாக ஒரு முடிவு எடுத்த மாதிரி இருக்கும்.

*

பழகவில்லை. முதல் நாள் விளக்கை அணைத்து வைத்தேன். இரண்டாம் நாள் உறைந்த மைசிஸ் இறாலைக் கரைத்துச் சிரிஞ்சில் எடுத்து மூக்குக்கு நேராக விட்டேன், தலையைத் திருப்பிக்கொண்டது. நாலாம் நாள் ஆர்ட்டீமியா பொரிக்க வைத்தேன். தூத்துக்குடி உப்பளங்களில்கூட வாழும் பொடி இறால் இனம் அது, முட்டையை உப்புத்தண்ணீரில் போட்டால் ஒரு நாளில் பொரிந்துவிடும். உயிரோடு துள்ளுகிற பொடிகளைப் பார்த்ததும் கண்ணை உருட்டியது. அவ்வளவுதான். ஏழாம் நாள் பூண்டுச் சாற்றில் தீனியை ஊறவைத்தேன். வாசனைக்கு மீன் வரும் என்பார்கள். வாசனைக்கு அம்மாதான் வந்தாள், “என்னடா, ரசம் வைக்கிறியா?” என்று. சின்னக் கடைகளில் கிடைக்கும் டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடையில் வளர்வது, நோயைக் கொண்டுவரும் என்று அதைத் தொடவில்லை. மீனின் முதுகு கத்தி மாதிரி மெலிய ஆரம்பித்தது.

வழி சொன்னது எதிர்வீட்டுச் சிற்பி அண்ணன். தொட்டிக்கான மர ஸ்டாண்ட் செய்து கொடுத்தவர். அன்றைக்கு ஏதோ ஆடு விலை பேச வந்தவர், தொட்டி முன்னால் கொஞ்ச நேரம் குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

“எங்க போட்ற தீனிய?”

“மேல, தண்ணியில.”

“அதோட மூக்கப் பாருடா தம்பி. சின்ன உளி மாதிரி இருக்குது. உளியப் பாத்தா வேல தெரிய வேணாமா? அது நோண்டித் திங்கிற ஜாதி. தட்டுல போட்டா திங்குமா?”

நான் நாற்பது கட்டுரை படித்திருந்தேன். பவளப்பாறை இடுக்கில் கொத்தித் தின்னும் மீன் என்று இரண்டு பக்கம் முன்னால் நானே எழுதவும் செய்திருக்கிறேன். தெரிந்திருந்தது, உறைக்கவில்லை. சிதம்பரத்தில் இருக்கும் காலேஜ் நண்பனுக்கு போன் போட்டேன். பரங்கிப்பேட்டையில் மட்டி வாங்கி, ஈரச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் பார்சல் போட்டுவிட்டான். உயிருள்ள மட்டி ஒன்றைக் கத்தியால் பிளந்து, ஒரு ஓட்டை மட்டும் சதையோடு எடுத்து, பாறையில் ஒரு விரிசலுக்குள் செருகினேன். தீனி எது என்பதைவிட, அதன் மூக்கு நுழைகிற இடத்தில் இருக்கிறதா என்பதுதான் விஷயம். பன்னிரண்டாம் நாள் பார்த்தது. பதினாலாம் நாள் பக்கத்தில் போனது. பதினாறாம் நாள் ஒரே ஒரு கொத்து. நான் அந்த நேரம் மீட்டிங்கில் இருந்தேன், கேமரா ஆனில் இருந்தது, கத்திவிட்டேன். மேனேஜருக்கு என்ன விளக்கம் சொன்னேன் என்பது நினைவில்லை. பத்தொன்பதாம் நாள் ஓடு முழுக்கக் காலி.

அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள். நான் வீடியோ எடுத்துக் கடைக்கார அண்ணனுக்கு அனுப்பினேன்.

*

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தினால் நன்றாக இருக்கும். நிறையப் பேரிடம் இங்கேயே நிறுத்தியும் இருக்கிறேன்.

ஒன்றரை மாதம் கழித்து உப்பு வாங்க அதே கடைக்குப் போனேன். ஒரு தொட்டியில் நாலு காப்பர்பேண்ட். அதுவரை இரண்டுக்கு மேல் அவர் இறக்கியதில்லை. “உங்க வீடியோவ ஸ்டேட்டஸ் வச்சேன் சார், செம்ம ரெஸ்பான்ஸ். மட்டி டெக்னிக் சொல்லியே வித்துரலாம். தைரியமா நாலு போட்டேன்.” அவர் முகத்தில் எனக்கு நல்லது செய்துவிட்ட சந்தோஷம் இருந்தது. அதில் இரண்டைத் திருச்சியில் ஒரு தம்பி வாங்கினான். என் நம்பரையும் கடையிலேயே வாங்கிக்கொண்டான். தினமும் இரவு கூப்பிடுவான். நான் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். ஒன்று ஒன்பதாம் நாள் செத்தது. இரண்டாவதுக்கு அவன் போன் வரவே இல்லை. நானும் பண்ணவில்லை.

திருக்குறளில் புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் ஒரு பொருளாதார வாதம் வைக்கிறார். தின்பதற்கு வாங்குகிற உலகம் இல்லையென்றால் விலைக்கு ஊன் கொடுக்கிறவனும் இருக்கமாட்டான் என்பது அதன் சாரம். கொன்றவன் நானில்லை, செத்ததைத்தான் வாங்கினேன் என்று நழுவுகிறவனுக்கு அது பதில். பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் பண்ணும்போதே எனக்கு ஒரு எதிர்வாதம் தோன்றியது, இன்றைக்குத் தத்துவத் துறைக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிற அதே எதிர்வாதம்: நான் ஒருவன் வாங்காவிட்டால் என்ன ஆகிவிடும்? லட்சம் கோழி விற்கிற சந்தையில் என் ஒரு கிலோவை யார் கணக்கில் எடுப்பார்கள்? எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு உண்டு. இந்த எதிர்வாதத்தை வைத்துக்கொண்டுதான் நான் நிம்மதியாகச் சாப்பிட்டு வந்தேன்.

காப்பர்பேண்ட் அந்த நிம்மதியைக் கெடுத்தது. அதன் சந்தை அவ்வளவு சின்னது. மாதத்துக்கு இரண்டு மீன், வாங்குகிறவர்கள் ஐந்தாறு பேர். நான் ஒன்றை எடுத்தேன், அங்கே நாலு வந்தது. காரணமும் விளைவும் கண்ணுக்கு நேராக, அதுவும் என் வீடியோவைக் காட்டிக்கொண்டே வந்து நின்றன. பெரிய எண்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. இதில் கொடுமை, நான் தோற்றிருந்தால் இது நடந்திருக்காது என்பது. மீன் ஒரு வாரத்தில் செத்திருந்தால் அண்ணன் காப்பர்பேண்ட் இறக்குவதையே குறைத்திருப்பார். என் திறமைதான் அந்த நாலு மீனைக் கடலில் இருந்து எடுத்தது.

சரி, வாங்காமல் வந்திருக்க வேண்டுமா? குழாய்க்குப் பின்னால் நின்ற அந்த ஒரு மீனை விட்டுவிட்டு வருவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. இனிமேல் பிடிக்கப்படப் போகிற மீன்களுக்கு முகம் கிடையாது. இதற்கு இருந்தது.

கடையெழு வள்ளல்களில் பேகனை நாம் கொஞ்சம் கேலியாகத்தான் பார்ப்போம். மயிலுக்குக் குளிரும் என்று போர்வையைக் கொடுத்த ஆள். மயிலுக்கு எதற்குப் போர்வை? அந்த மீனுக்குத் தட்டில் வைத்த இறால் மாதிரி, பேகன் தன் குளிரை மயிலின் குளிர் என்று நினைத்துக்கொண்டான் என்று நானும் சிரித்திருக்கிறேன். (அதே பேகன் மனைவி கண்ணகியைத் தவிக்கவிட்டான் என்பதும், கபிலரும் பரணரும் அவளுக்கு இரங்கும்படி அவனிடம் பாடிக் கேட்க வேண்டியிருந்தது என்பதும் தனிக் கதை. கருணைக்கும் வீட்டுக்கும் எப்போதும் கொஞ்சம் தூரம்தான்.) இப்போது அவனைப் பற்றி வேறு ஒன்று தோன்றுகிறது. பேகன் மயிலைப் புரிந்துகொள்ளவில்லை, ஆனால் போர்வையைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். மயிலை அரண்மனைக்குக் கொண்டுபோகவில்லை. அவன் முட்டாள்தனத்தால் மயிலுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நான் மீனை நன்றாகப் புரிந்துகொண்டேன். அதன் ரத்தத்தின் உப்பு தெரியும், மூக்கின் வேலை தெரியும். அந்த அறிவு எனக்குத் தேவைப்பட்டதே, அது இருக்கக்கூடாத இடத்தில் இருப்பதால்தான். என் தொட்டியில் நான் தீர்த்து வைக்கிற ஒவ்வொரு சிக்கலும் என் தொட்டியால் வந்த சிக்கல்.

என் டீமில் ஒரு நண்பன் சொன்னான்: “நீ இல்லன்னா அது செத்திருக்கும். கணக்குல பிளஸ்தான்.” அந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த மீனை உயிரோடு வைத்திருப்பது நான் இந்த மீனுக்குச் செய்வது. அந்த நாலு மீன்களுக்குச் செய்தது வேறு. ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவர் கணக்கில் வரவு வைக்க முடியாது. இவற்றைக் கூட்டிக் கழித்துக் கடைசியில் ஒரு எண்ணைப் போட்டுவிட்டால் மனசு லேசாகும்தான். லேசாக வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கணக்கையே போடுகிறோமோ என்றும் தோன்றுகிறது. கடலில் மூழ்கி மீன் பிடிக்கிறவர்களை நோக்கி விரல் நீட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. அவர்கள் வயிற்றுப்பாட்டுக்குச் செய்கிறார்கள். வரவேற்பறைக்காகச் செய்தவன் நான்.

*

மீனுக்கு வலிக்குமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. 2003-இல் லின் ஸ்னெடனும் அவருடைய சகாக்களும் டிரவுட் மீன்களின் உதட்டில் தேனீ விஷத்தையும் அசிட்டிக் அமிலத்தையும் ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். மீன்கள் உடம்பை ஆட்டின, அமிலம் ஏற்றியவை உதட்டைத் தரைச் சரளையில் தேய்த்தன. உப்புநீர் மட்டும் ஏற்றிய மீன்களைவிட நெடுநேரம் கழித்தே சாப்பிடத் திரும்பின. மூளையின் மேற்புறணி இல்லாத உயிருக்கு வலி என்று சொல்ல முடியாது என்று மறுக்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் கண்ணில் பட்டது வேறு: அங்கேயும் கேள்வி அதேதான். எப்போது சாப்பிடத் திரும்புகிறது? விஞ்ஞானியும் அம்மாவும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

சாப்பிடாமல் இருப்பது ஏதோ சரியில்லை என்பதற்கு அடையாளம். ஒத்துக்கொள்கிறேன். சாப்பிட ஆரம்பித்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எப்படி ஆகும்? நாலாவது மாதம் மெஸ்ஸில் மூன்றாவது இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டபோது எனக்கு அந்த ஹாஸ்டல் பிடித்துவிடவில்லை. வீட்டுக்குத் திரும்பிப் போக முடியாது என்பது புரிந்துவிட்டது, அவ்வளவுதான். பதினேழு வயசுப் பசி அதற்கு மேல் காத்திருக்கவில்லை. என் விஷயத்தில் பின்னால் நண்பர்கள் கிடைத்தார்கள், வேலை கிடைத்தது, பழகியதை நானே திரும்பிப் பார்த்து நல்லதுதான் என்று சொல்ல முடிகிறது. திரும்பிப் பார்த்துச் சொல்கிற அந்த வாய் மீனுக்கு இல்லை. அதனால் அதன் சார்பில் நானே சம்மதம் சொல்லிக்கொள்கிறேன். நான் அறைக்குள் நுழைந்தால் கண்ணாடிக்கு அருகே வந்து நிற்கும். விருந்தினர்களிடம் “என்னை அடையாளம் தெரியும்” என்பேன். அதற்குத் தெரிவது மட்டி வரும் கை. அதை அன்பு என்று சொல்லும்போது என் குரலில் வருகிற குழைவை நானே சில நேரம் வெளியில் இருந்து கேட்கிறேன்.

தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த கோமாளி மீன் ஜோடி ஒன்றும் என்னிடம் இருக்கிறது. வந்த அன்றைக்கே குருணைத் தீனியை அள்ளி விழுங்கின. அவற்றைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கேள்விகள் எழுவதில்லை. எழ வேண்டுமோ என்னவோ. பறிபோனது ஒன்றுமில்லை, ஏனென்றால் கொடுக்கப்பட்டதே இல்லை என்ற வாதத்தின் மேல் ரொம்ப நேரம் நிற்கக்கூடாது என்று மட்டும் தெரிகிறது. அது மனிதர்களைப் பற்றியும் சொல்லப்பட்ட வாதம்.

காப்பர்பேண்ட் இப்போது மூன்றாவது வருடத்தில் இருக்கிறது. கடலுக்குத் திரும்ப விடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எந்தக் கடலில்? பரங்கிப்பேட்டை அதன் கடல் இல்லை, தொட்டியில் ஒட்டிய நோயைக் கொண்டுபோய் அங்கிருப்பவற்றுக்குக் கொடுக்கவும் செய்யும். ஆக, எடுத்தது எடுத்ததுதான், இனி மட்டி பிளப்பது மட்டும்தான் என்னால் முடிகிறது. கம்பெனி வாரத்துக்கு மூன்று நாள் சென்னைக்கு வரச் சொல்லிவிட்டது. அந்த மூன்று நாளும் அம்மா மட்டியைப் பிளக்கிறாள். முதல் வாரம் கையைக் கிழித்துக்கொண்டாள். “உனக்குக்கூட இவ்ளோ பண்ணலடா” என்றாள் போனில்.

போன மாசம் கடைக்கார அண்ணனிடம் இருந்து ஒரு போட்டோ வந்தது. தொட்டி, பி.வி.சி. குழாய், அதற்குப் பின்னால் ஆரஞ்சுப் பட்டை. கீழே: ‘சார் இதும் சாப்ட மாட்டேங்குது. உங்க கைக்குதான் சரியா வரும். சும்மாவே எடுத்துக்கங்க.’

சும்மாவே என்ற சொல்லை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காசு வாங்காமல் கொடுத்தால் வள்ளுவரின் வாதம் செல்லுமா செல்லாதா என்றுகூட யோசித்தேன். செத்துத் தூக்கிப் போட்டால் அவர் அடுத்ததை இறக்க யோசிப்பார். நான் எடுத்துப் பிழைக்க வைத்தால் யோசிக்கமாட்டார். இது சரியான தர்க்கம் என்றே இன்னமும் நினைக்கிறேன். ‘வேணாம்ணே. இனிமே காப்பர்பேண்ட் இறக்காதீங்க’ என்று அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று வந்தது.

மறுநாள் காலையில் போனை எடுத்து, சாப்டுச்சா என்று டைப் பண்ணி, அழித்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து உப்பு வாங்கப் போனபோது அந்தத் தொட்டியில் வேறு மீன் இருந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பையனை அனுப்பி இரண்டு டீ வாங்கிவரச் சொன்னார்.